தென்னை நிழலில் நிற்கும் பீரங்கி எது? போபர்ஸ், எண்பத்தெட்டு, நான்கு குழல்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றின் சிறு மாதிரியைப் பிளாஸ்டிக்கில் செய்ய நினைப்பவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்: ஜெர்மனியின் 88 மில்லிமீட்டர் பீரங்கி, அதே நாட்டின் நான்கு குழல் 20 மில்லிமீட்டர் பீரங்கி, சுவீடனில் பிறந்த 40 மில்லிமீட்டர் போபர்ஸ். பாகங்கள் எவ்வளவு, விலை எவ்வளவு என்று பார்த்து வாங்குவதே வழக்கம். நான் இன்னொரு கேள்வியை முதலில் வைக்கிறேன். செய்து முடித்த பீரங்கி எந்த மண்ணில் நிற்கப் போகிறது? குமரி மாவட்டத்தில் இருந்து இந்தக் கலையைச் செய்கிறவருக்கு இந்தக் கேள்வியே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. என் விடை போபர்ஸ். ஆனால் மற்ற இரண்டும் எளிதாக ஒதுக்கக்கூடியவை அல்ல.

புகழ் முழுவதும் எண்பத்தெட்டுக்குத்தான். 1933இல் பிளாக் (Flak) 18 என்ற பெயரில் வந்து, பிறகு 36, 37 என்று திருந்தியது. நிமிடத்துக்கு 15 முதல் 20 குண்டுகள், நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் குண்டின் வேகம். வானத்துக்காகச் செய்யப்பட்டது, 1941இல் எகிப்து எல்லையிலுள்ள ஹல்பாயா கணவாயில் பிரிட்டிஷ் டாங்கிகளை நொறுக்கியபோதுதான் உலகம் முழுவதும் பேசப்பட்டது. தமியா நிறுவனத்தின் 1/35 கிட் (அசலை 35இல் ஒரு பங்காகச் சுருக்கிய, ஒட்டிச் செய்யும் பாகத் தொகுப்பு) 1970களின் அச்சு என்றாலும் இன்றும் மதிப்புக் குறையவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதன் பெரிய நன்மை அளவுதான். பாகங்கள் விரலுக்கு அடங்கும், சிலுவை வடிவக் கால்களும் இரண்டு அச்சு வண்டிகளும் குழப்பமில்லாமல் பொருந்தும். குழலின் வாயைக் குடைய வேண்டிய விட்டம் இரண்டரை மில்லிமீட்டர். சாதாரணக் கைத்துளைப்பானே போதும்.

சிரமம் குழலின் நீளத்தில் இருக்கிறது. அசல் குழல் ஏறத்தாழ 4.9 மீட்டர், 1/35இல் 14 சென்டிமீட்டர். பழைய கிட்களில் குழல் இரண்டு பாதியாகவே வரும். அவற்றை ஒட்டிய கோட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது உருளை தட்டையாகிவிடும். குழலின் நீளவாக்கில் தேய்க்காமல், தாளைப் பட்டையாக வெட்டிக் குழலைச் சுற்றி இழுத்துத் தேய்த்தால் வட்டம் கெடாது. ஒட்டும்போதே பசை சற்று வெளியே பிதுங்கும்படி அழுத்தி, இரண்டு நாள் தொடாமல் விட்டுப் பிறகு தேய்ப்பதே நல்லது. நம் ஊரின் ஈரக்காற்றில் பெயிண்ட் காய்வதற்கும் இந்தப் பொறுமை வேண்டும்.

நான்கு குழல் பீரங்கி வேறு குணம் உடையது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க இதைவிடச் சுவையான இயந்திரம் இல்லை. சுடுபவரின் காலடியில் இரண்டு மிதிகள், ஒவ்வொன்றும் குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு குழல்களை இயக்கும். ஒரு ஜோடியின் குண்டுப்பெட்டிகளை மாற்றும்போது மற்ற ஜோடி தொடர்ந்து சுடலாம். பெட்டிக்கு 20 குண்டுகள்தான், அதனால் குண்டேற்றுபவருக்கு ஓயாத வேலை. இந்த உழைப்பெல்லாம் மாதிரியில் தெரிய வேண்டுமானால் மிதிகள், இருக்கைகள், குண்டுப்பெட்டிகள் எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கு அது எட்டாது. குறிப்பாகக் குழல்கள்: 20 மில்லிமீட்டரை 35ஆல் வகுத்தால் 0.57 மில்லிமீட்டர். அந்த அளவில் பிளாஸ்டிக் குழலைக் குடைந்தால் சுவர் பிளந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் 20 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.6, வெளிவிட்டம் 0.9 மில்லிமீட்டர். குழலுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். கூர்முனையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். கவசத் தகடுதான் அடுத்த குறை. 0.8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அசலில் 28 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சமம். குளிர்பானக் கேனின் தகட்டை அதே வடிவில் வெட்டி வைத்தால் பார்வைக்கே மாறிவிடும்.

ஆனால் இவ்வளவு வேலையும் தெரிந்தவர் செய்ய வேண்டியது. ஒரே வேலையை நான்கு முறை செய்ய வேண்டும், நான்கும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஒரு குழல் ஒரு பாகை சாய்ந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். முதல் பீரங்கியாக இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி போபர்ஸ். நம் நாட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் 1986இல் ஒப்பந்தமான 155 மில்லிமீட்டர் பீரங்கியும் அதைச் சுற்றிய அரசியலும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதே நிறுவனம் சுவீடன் கடற்படைக்காக 1928 முதல் உருவாக்கத் தொடங்கிய 40 மில்லிமீட்டர் எல்/60 (குழலின் நீளம் அதன் உள்விட்டத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு என்று பொருள்). நிமிடத்துக்கு 120 குண்டுகள் சுடும், நான்கு நான்காகக் கோத்த குண்டுகளை மேலிருந்து செருகுவார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் உரிமம் பெற்றுச் செய்தன. ஜெர்மனி கைப்பற்றியவற்றைப் பயன்படுத்தியது. போரில் எதிரெதிரே நின்றவர்கள் எல்லோரும் நம்பிய பீரங்கி வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கிட் தேர்வில் இரண்டு வழிகள் உண்டு. ஏர்பிக்ஸின் 1/76 கிட் பல பத்தாண்டுப் பழைய அச்சு. பீரங்கியோடு இழுவை வண்டியும் வரும், மலிவு, உள்ளங்கையில் அடங்கும். ஆனால் குழல் மூன்று சென்டிமீட்டர்தான், பார்வைக் கருவிகள் வெறும் குச்சிகளாகவே இருக்கும். 1/35இல் ஏஎப்வி கிளப்பின் கிட் நுணுக்கமானது. அதில் குழல் ஆறரை சென்டிமீட்டர், எண்பத்தெட்டின் பாதிக்கும் குறைவு. குழலின் அடிப்பகுதியைச் சுற்றி, பின்னுதைத்த குழலை மீண்டும் முன்னே தள்ளும் சுருள்வில் வெளியே தெரியும், இந்தப் பீரங்கியின் முகமே அதுதான். பழைய சிறு கிட்டில் அது வெறும் வரிகளாக இருக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கழித்துப் போட்ட செம்புக் கம்பியை வாங்கி ஒரு தண்டில் நெருக்கமாகச் சுற்றினால் அந்தக் குறை தீரும். உண்மையான சுருளில் வெளிச்சம் விழுவதை எந்தப் பெயிண்டாலும் காட்ட முடியாது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். எண்பத்தெட்டைப் பாலைவனத்திலோ ரஷ்யச் சேற்றிலோ நார்மண்டி வேலியோரத்திலோதான் வைக்க முடியும். நான்கு குழலுக்குப் பெர்லினின் கான்கிரீட் விமான எதிர்ப்புக் கோபுரத்து விளிம்பு மிகப் பொருத்தம். அதற்கு மயிலாடியில் சிலை செதுக்கும் பட்டறைகளின் கருங்கல் தூளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் கலந்தால் அசல் சாம்பல் நிறம் வரும். (அந்தத் தூளைக் கையாளும்போது மூக்கை நன்றாக மூடிக்கொள்ளுங்கள், நுரையீரலுக்கு ஆகாது.) போபர்ஸ் மட்டும் நம் நிலத்தில் நிற்கும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியக் கப்பல் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது நகரைக் காத்தவற்றில் போபர்ஸ்களும் இருந்தன. கொழும்பின் செம்மண்ணும் தென்னையும் ஈரவானமும் குளச்சலிலும் தக்கலையிலும் நாம் தினமும் பார்ப்பவை. படம் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை, முற்றத்தில் இறங்கி நின்று பார்த்தால் போதும்.

செம்மண்ணை வெயிலில் நன்றாக உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சலித்து எடுங்கள். கடற்கரை மணலைத் தவிர்த்துவிடுங்கள். 0.2 மில்லிமீட்டர் மணற்குறுணி 1/35இல் ஏழு மில்லிமீட்டர் சரளைக் கல்லாகத் தெரியும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பார்க்க அழகுதான், ஆனால் அதில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது, வீட்டு அலமாரிக்கு உரியதல்ல. மணல் மூட்டைகளுக்குக் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் பால் அருமையான உதவி. எம்-சீலில் நாலைந்து மூட்டைகளை உருட்டி, துணியை அழுத்தி நெசவுத் தடம் பதித்து, காய்ந்ததும் அம்மோனியா சேர்த்த ரப்பர் பாலை மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் உரித்தால் அச்சு கிடைக்கும். பிறகு எத்தனை மூட்டை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். தென்னைதான் சோதனை: 18 மீட்டர் மரம் 1/35இல் 51 சென்டிமீட்டர் உயரம். முழு மரத்துக்கு அலமாரியில் இடமிருக்காது, அடிமரமும் விழுந்து கிடக்கும் ஓலையும் போதும். முழுத் தென்னந்தோப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு மட்டும் 1/76 கிட்டைச் சொல்வேன். அங்கே அதே மரம் 24 சென்டிமீட்டர்தான்.

எந்தப் பீரங்கியானாலும் பருவத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் பெயிண்டைத் தெளித்தால் வெண்பூச்சு படியும். ஊசிக் குழலை ஒட்டப் பயன்படும் உடனடிப் பசையும் வெண்புகையாய்ப் படிவது அப்போதுதான் அதிகம், நான்கு குழல் பீரங்கி இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படும். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஆடிக் காற்றில் சன்னலைத் திறந்து ஏர்பிரஷ் பிடிக்கவே முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் தெளிப்பு வேலைக்கு நல்ல காலம். மழைக்காலத்தை வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

நம் ராணுவம் இன்றும் வைத்திருக்கும் போபர்ஸ் எல்/70. 1/35 எல்/60 கிட்டின் குழலை நீட்டி அதைச் செய்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். எல்/70 போருக்குப் பிந்தைய வடிவமைப்பு. குழல் 1/35இல் எட்டு சென்டிமீட்டர் ஆகும் என்பது மட்டுமல்ல, தோட்டா உறையின் நீளமே 311இலிருந்து 364 மில்லிமீட்டராக வளர்ந்தது, அதற்கேற்பக் குண்டேற்றும் பகுதியும் தாங்கு வண்டியும் மாறிவிட்டன. எல்/60ஐ 1942இன் பீரங்கியாகவே செய்து, அந்தக் காலத்துக் காக்கிப் பச்சையில் நிறுத்துங்கள்.