40 செடி, 13,400 ரூபாய், ஒன்றுக்குக்கூட வேர் இல்லை

இன்று மதியம்தான் கடைசிச் செடியையும் பிடுங்கிப் போட்டேன், அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

ஆந்திராவில் நகரிப் பக்கம் எங்கள் மனை வெறும் செஞ்சரளை மேடு, கோடையில் போர் காற்றைத்தான் தள்ளும். அமெரிக்காவில் ஃபீனிக்ஸில் இருக்கும் மச்சான் வீட்டு வாசலில் டெக்சாஸ் சேஜ் என்கிற புதர்ச்செடி வரிசையாக நிற்பதைப் பார்த்ததிலிருந்து அதன் மேல் ஒரு கண். வருடத்துக்குச் சுமார் 200 மி.மீ. மழை பெய்கிற பாலைவன ஊரில் வெள்ளிச் சாம்பல் இலை கொட்டாமல் நிற்கிறது, ஊதாப் பூ வேறு. நம் வேலிக்கு இதுதான் என்று, போட்டோ போடும் ஆப் ஒன்றில் இருந்த நர்சரிப் பக்கத்தில் கேட்டேன்.

பேசின பையன் நம்ம சித்தூர்த் தமிழ், வாய்க்கு வாய் அண்ணா. வீடியோ காலில் பைகளை வரிசையாகக் காட்டினான். "மழைக்கு முன்னாடி காத்துல ஈரம் ஏறினாலே பூத்துடும்ணா, சுண்ணாம்பு மண்ணுகூட ஒத்துக்கும், எரு கொட்டிடாதீங்க, தண்ணி தேங்கினா போச்சு" என்றான். மச்சான் சொன்னதும் அதேதான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். செடி 320 வீதம் 40, லாரி பார்சல் 600, ஆக 13,400. பாதி மட்டும் அனுப்புங்கள் என்று மனைவி சொல்லச் சொல்ல முழுசாக அனுப்பினேன்.

பத்தே நாளில் இலை சுருண்டது. ஒன்றை லேசாக இழுத்தேன், வாழைப்பழத்தில் செருகின ஊதுபத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. ஒடித்த இடத்தில் பட்டைப் பிசிறு அப்படியே இருக்கிறது, நூல் அளவு வேர் இல்லை. 40ம் அப்படித்தான், கொம்பை ஒடித்துத் தேங்காய் நார்த்தூளில் செருகியிருக்கிறார்கள். ஒடிந்த கையோடு புத்தூருக்குக் கட்டுப் போட வருவார்கள், நான் அதே ஊர் பார்சல் ஆபீசிலிருந்து ஒடித்த கொம்புகளை ஆட்டோ வைத்து ஏற்றி வந்திருக்கிறேன்.

போன் செய்தால், "தண்ணி ஜாஸ்தியா விட்டிருப்பீங்கண்ணா, வேர் அழுகியிருக்கும்." அழுகுவதற்கு வேர் இருந்தால்தானே! வீடியோ எடுத்து அனுப்பினேன், ஓனர் ஊரில் இல்லையாம். மறுநாள் தமிழே மறந்துபோய் ஒருவர் தெலுங்கில் "ரேபு, ரேபு" (நாளைக்கு, நாளைக்கு) என்றார். பேய்க்குப் பயந்து சுவரில் "ரேபு ரா", நாளைக்கு வா, என்று எழுதி வைப்பார்களே, கடைசியில் என்னையும் அந்தப் பேயாக்கிவிட்டார்கள். நேற்றிலிருந்து நம்பரே பிளாக். 13,400 ரூபாய், ஐயா!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வீடியோ காலில் ஒரு செடியைப் பையிலிருந்து உருவி வேரைக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணம் முன்னால் வேண்டாம். பணம் போய்விட்டால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் அடியுங்கள். நான் நாலு நாள் ரேபுவை நம்பித் தாமதித்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் இன்று காலையும் அதே பை வரிசை வீடியோ ஓடுகிறது. கீழே "விலை என்ன அண்ணா" என்று ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.