கடுங்கோடையில் இனிப்பு மிளகாய்: பருத்த காயா, நீண்ட காயா?

வறண்ட கோடையில் இனிப்பு மிளகாய் பயிரிட நினைப்பவர் உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே காயின் வடிவத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். மூன்று நான்கு மடல்களும் தடித்த சதையும் கொண்ட பருத்த குடைமிளகாய் ஒரு வகை. கொம்பைப் போல நீண்டு, சதை மெலிந்திருப்பது இன்னொரு வகை. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்தான் என்றாலும், வெயிலில் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு.

பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் பிஞ்சாகாமலே உதிர்கின்றன. காலையில் செடியடியில் மஞ்சளித்த காம்புடன் வெள்ளைப் பூக்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்துச் சத்துக்குறை என்று எண்ணித் தழைச்சத்தைக் கூட்டுபவர்கள் உண்டு. இலைதான் செழிக்கும், காய் வராது. இந்தச் சோதனையில் 'கலிஃபோர்னியா வொண்டர்' போன்ற பருத்த வகைகள் எளிதில் தோற்கின்றன. 'கோர்னோ டி டோரோ' போன்ற நீண்ட வகைகளும் பூ உதிர்க்கவே செய்யும்; ஆனாலும் காயின் சதை மெலிந்தது என்பதால் செடிக்குச் சுமை குறைவு, பழுப்பதற்கும் பொதுவாக அத்தனை நாள் ஆவதில்லை.

பச்சைக் காய் முழுதாகச் சிவக்க மேலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதுவரை நேர்வெயிலில் நிற்கும் பருத்த காயின் தோள்பட்டையில் தோல் முதலில் வெளிறி, பின் காகிதம்போல் சுருங்கி, அந்த இடத்திலேயே பூஞ்சையும் பிடிக்கும். நீர் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் வறண்டும் போனால், மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் அது காய்க்குப் போய்ச் சேராமல் நுனி கருத்து அழுகும். நீண்ட வகைக்கும் இந்த நுனியழுகல் வரும் என்பதால், சொட்டுநீரைச் சீராகக் கொடுப்பதில் இரண்டுக்கும் சலுகை கிடையாது.

நிழல்வலை வெயிலில் 30 விழுக்காட்டைத் தடுத்தால் போதுமா, 50 வேண்டுமா என்ற கேள்விக்கு, நீண்ட வகைக்கு முன்னதே போதும் என்பேன். அடர்ந்த நிழலில் செடி ஒல்லியாக நெட்டுவிட்டுப் பூ குறையும். 50 விழுக்காட்டைப் பருத்த வகைக்கு, அதுவும் உச்சக் கோடைக்கு மட்டும் ஒதுக்கலாம். செடியடி மண்ணை மூடிவைக்கும் மூடாக்கில் கறுப்பு பிளாஸ்டிக் களையை அடக்கினாலும் வேர்ப்பகுதியைச் சூடாக்குகிறது. வைக்கோல் மண்ணைக் குளிர்த்தி ஈரத்தையும் காக்கிறது.

சுவையிலும் சதைப்பிடிப்பிலும் பருத்த காய்க்கு ஈடில்லை என்பவர்கள், கடுவெயில் தொடங்கும் முன்பே காய் பிடித்துவிடும்படி முன்கூட்டி நடுவதே நல்லது. எந்த வகையானாலும், கோடையில் பூ உதிர்ந்து வெறுமனே நிற்கும் செடி நோயற்றதாக இருந்தால் பிடுங்க வேண்டாம்; இரவுகள் குளிரத் தொடங்கியதும் அதே செடியில் மீண்டும் பிஞ்சு இறங்கும்.