காசும் கொடுத்து உரிமையும் கொடுக்காதீர்கள்: முதல் நாவல் போடப் போகிறவர்களுக்கு

உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவருடைய முதல் நாவலுக்கு நேர்ந்தது இது. தகராறு இன்னும் முடியவில்லை என்பதால் பதிப்பகத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் வாசகங்களை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கேட்ட தொகை 42,000 ரூபாய். அதற்குள் எடிட்டிங், மெய்ப்பு (பிழைதிருத்தம்), அட்டை, ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு நூலுக்கும் தரும் தனி அடையாள எண்), டெமி என்கிற நாவல் அளவில் 208 பக்கம், முதல் பதிப்பு 300 பிரதி, புத்தகத் திருவிழாவில் விற்பனை, கிண்டில், வெளியீட்டு விழா, ‘நூலக ஆணைக்கு முயற்சி’ (அரசு நூலகங்களுக்கு நூலை வாங்கும் ஆணை) எல்லாம் அடக்கம் என்றார்கள். ஒப்பந்தத்தைப் படிக்க இரண்டு நாள் கேட்டதற்கு, “எல்லாருக்கும் போடுற அக்ரிமெண்ட்தான் தம்பி, தமுக்கத்துக்குள்ள புக்கு வரணும்ல?” என்று பதில். தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவைக் காட்டி அவசரப்படுத்துவது மதுரைப் பக்கம் வாடிக்கை. சென்னை என்றால் பொங்கலை ஒட்டிய கண்காட்சியைக் காட்டுவார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருவது குற்றமல்ல. அது ஒரு சேவை, கூலி வாங்கத்தான் செய்வார்கள். பதிப்பாளர் தன் காசைப் போட்டு நூலைக் கொண்டுவந்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் பதிப்புரிமை கேட்பதும் நியாயம். கூலியையும் வாங்கி உரிமையையும் எழுதி வாங்குவதுதான் ஏமாற்று. இந்த இளைஞர் இழந்ததில் 42,000 ரூபாய் சின்னப் பகுதி.

கைக்கு வந்தது 25 பிரதி. பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் எழுத்தும் காலும் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. இது மெய்ப்பு பார்த்தவரின் கண் தவறு அல்ல. யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை, இந்திய மொழிகளுக்கான வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல், பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் கொட்டினால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் மூன்றும் இடம் மாறும். பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி வேலை செய்கிற இடங்களில் வேறு வகைச் சேதம்: ‘ஸ்ரீ’ காணாமல் போகும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகும், ‘ஔ’ என்பது ‘ஒள’ ஆகும். பேச்சுவழக்கு நாவலில் இந்தச் சேதம் இரட்டிப்பு. ‘சொல்லுதேன்’ போன்ற சொல் உடைந்தால், வட்டார வழக்கு புரியாமல் எழுதியிருக்கிறான் என்று வாசகர் ஆசிரியரைத்தான் நினைப்பார். எனவே வேர்டு கோப்பில் பார்த்த மெய்ப்பு மெய்ப்பே அல்ல. பக்கம் கட்டிய பிறகு வருகிற பிடிஎஃப்பில் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். கடைசி பிடிஎஃப்பைப் பத்துப் பக்கமாவது காகிதத்தில் எடுத்துப் பாருங்கள். அச்சுக்கு அனுப்பலாம் என்ற ஒப்புதலை எழுத்தில் கொடுக்கும்வரை அச்சேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

கட்டுமானத்திலும் கோளாறு. உள் ஓரத்தில், அதாவது புத்தகத்தின் முதுகை ஒட்டிய வெற்றிடத்தில், அரை அங்குலம்தான் விட்டிருந்தார்கள். 200 பக்கத்துக்கு மேற்பட்ட, பசையால் மட்டும் ஒட்டிய புத்தகத்தை அந்த அளவில் விரித்துப் படித்தால் முதுகு பிளக்கும், தாள் கையோடு வரும். 20 மில்லிமீட்டராவது உள் ஓரம் கேளுங்கள். உள்தாள் 70 ஜிஎஸ்எம்மா (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) 80 ஜிஎஸ்எம்மா, அட்டை 300 ஜிஎஸ்எம்மா என்பதையும் எழுதி வாங்குங்கள். ‘தரமான தாள்’ என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

அடுத்தது 300 பிரதி. நூலின் இரண்டாம் பக்கத்தில் ‘முதல் பதிப்பு: 300 பிரதிகள்’ என்று போட்டிருந்தது, அச்சகத்தின் பெயர் இல்லை. உண்மையில் தேவைக்கேற்ப டிஜிட்டலில் எடுத்துத் தருகிற வேலை அது. பத்துப் பிரதி, இருபது பிரதி என்றுகூட அடிக்கலாம். ஆஃப்செட்டில் தட்டு எடுக்கும் செலவு இருப்பதால் சில நூறு பிரதிக்குக் குறைந்தால் கட்டாது. டிஜிட்டலில் அந்தக் கவலை இல்லை, அதனால்தான் 300க்குக் காசு வாங்கிவிட்டு 40 அடித்துச் சமாளிக்க முடிகிறது. மீதி எங்கே என்று கேட்டால் ‘குடோனில்’ என்பார்கள். குடோனைப் பார்க்க நேரில் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு ஆள் ஊரில் இருக்க மாட்டார். அச்சக பில்லின் நகலில் பிரதி எண்ணிக்கை இருக்கும். அதைக் கேட்பது முறையல்ல என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

இந்த ஒப்பந்தத்தில் இன்னொரு நயம். கூடுதல் பிரதி வேண்டுமென்றால் ஆசிரியர் 30 விழுக்காடு கழிவில் (தள்ளுபடியில்) வாங்கிக்கொள்ளலாமாம். விலை 250 ரூபாய், கழிவு போக 175. தன் காசில் அச்சான புத்தகத்தை 175 ரூபாய் கொடுத்து மறுபடி வாங்க வேண்டும். அதே பக்க அளவு, தாள் சொல்லிச் சிவகாசி அச்சகம் ஒன்றில் 100 பிரதிக்கு விலை கேட்டதற்கு, பிரதிக்கு 105 ரூபாய் சொன்னார்கள்.

‘70 விழுக்காடு ராயல்டி’ என்ற வரியில்தான் பலரும் விழுகிறார்கள். எதில் 70 என்று பாருங்கள். தமிழ்ப் பதிப்புலகில் பழைய வழக்கம் அட்டை விலையில் 10 விழுக்காடு, அதாவது 250 ரூபாய்ப் புத்தகத்துக்கு 25 ரூபாய். இங்கே 70 என்பது ‘நிகர லாபத்தில்’. கடைக்காரர் கழிவு 40 விழுக்காடு போட்டால் 100 ரூபாய் போச்சு. அச்சுச் செலவு 110. பொதி கட்டும் செலவு, குடோன் வாடகை என்று 20. மிச்சம் 20 ரூபாய், அதில் 70 விழுக்காடு 14 ரூபாய். பெரிய எண்ணாகத் தெரிகிற 70, சின்ன எண்ணாகத் தெரிகிற 10ஐ விடக் குறைவு. அதிலும் அச்சுச் செலவை ஆசிரியர் ஏற்கெனவே கட்டியிருக்கும்போது அதை மறுபடி எப்படிக் கழிப்பார்கள்? விற்பனைக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் தர வேண்டும் என்ற வரி இல்லையென்றால் அந்த 14 ரூபாயும் வராது.

இனி உரிமை. எல்லா மொழியிலும், எல்லா வடிவத்திலும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் பதிப்பகத்துக்கே என்று இளைஞர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நம் நாட்டில் அந்தக் காலம் என்பது ஆசிரியர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் எல்லாம் இதற்குள் போய்விடும். மதுரைக் கதை என்றாலே கோடம்பாக்கம் எட்டிப் பார்க்கிற காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுதுகிறவர்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பகுதி, என்ன தொகை என்று அதில் குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும், நிலப்பகுதி சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. இந்த ஒப்பந்தத்தில் ‘பயன்படுத்தாவிடினும் உரிமை நீடிக்கும்’ என்று ஒரு வரி இருக்கிறது. வரைவு எழுதியவருக்குச் சட்டம் நன்றாகத் தெரியும் என்பதற்கு அந்த வரியே சாட்சி. எங்கே பார்த்தாலும் அதை அடிக்கச் சொல்லுங்கள். பணம் கட்டி அச்சிடுகிறவர் உரிமையை மாற்றித் தரவே தேவையில்லை. தமிழில், அச்சு நூலாக மட்டும், இத்தனை பிரதி அல்லது மூன்று ஆண்டு என்று அனுமதி கொடுத்தால் போதும்.

கிண்டில் பதிப்பையும் அவர்கள் தங்கள் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். கேடிபி என்ற அமேசானின் மின்னூல் தளத்தில் ஏற்ற ஆசிரியருக்குக் கட்டணம் கிடையாது, மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன்னும் கட்டாயமில்லை. அந்தத் தளத்தின் செலக்ட் திட்டத்தில் சேர்த்துவிட்டால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிட முடியாது, தானாகப் புதுப்பித்துக்கொண்டும் போகும். கணக்கு யார் பெயரில் என்பதுதான் கேள்வி.

அடக்கம் என்று சொன்ன ஐஎஸ்பிஎன்னுக்கும் 3,500 ரூபாய் தனியே பில் போட்டிருந்தார்கள். இந்தியாவில் அதைத் தருவது ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை, ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தது. கட்டணம் இல்லை, ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எண் உண்மையானதா என்று பார்க்க ஒரு வழி: 13 இலக்கத்தையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எண் பொய். வகுபட்டாலும் அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள், வேறொருவர் நூலின் எண்ணாக இருக்கலாம்.

நூலக ஆணை, விருது இரண்டையும் யாரும் பணத்துக்கு உறுதி தர முடியாது. விழா என்பது மண்டப வாடகை, பேனர், பொன்னாடை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போடும் முன் தொகையைப் பிரித்துக் கேளுங்கள்: பக்கம் கட்ட எவ்வளவு, மெய்ப்புக்கு எவ்வளவு, அட்டைக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு. முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு, இறுதி பிடிஎஃப் வந்ததும் ஒரு பங்கு, பிரதிகளை எண்ணி வாங்கியதும் மீதி. இன்டிசைன் கோப்பும், அட்டையின் மூலக் கோப்பும், பிடிஎஃப்பும் ஆசிரியருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இந்த இளைஞரைப் போல, ஒரு பிழையைத் திருத்துவதற்குக்கூட முழு நூலையும் மறுபடி பக்கம் கட்ட வேண்டிவரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். அச்சக பில், இருப்புக் கணக்கு, விற்பனைக் கணக்கு மூன்றையும் 15 நாளில் தரக் கேட்டால் போதும், வசவு வேண்டாம். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பதிப்பகம் சென்னையில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘விற்று லாபம் பார்க்க அச்சிட்டார், ஆகவே நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். எனவே மனுவில் ராயல்டியை முன்னே வைக்காமல், பணம் வாங்கிச் செய்யாமல் விட்ட சேவைகளை முன்னே வையுங்கள்: வராத பிரதிகள், நடக்காத மெய்ப்பு, இலவச எண்ணுக்கு வாங்கிய 3,500. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள், தனித்தனித் திரைப்பிடிப்பு போதாது. பணம் போன யுபிஐ எண், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும், கொம்பு உடைந்த ஒரு பிரதி, உங்கள் மூல வேர்டு கோப்பின் அச்சுப்படி ஆகியவற்றையும் சேர்த்து இணையுங்கள்.