கீரி மீன் ஆணமா, மீனெண்ணெய்க் குளிசையா?

கல்லடியில் எங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் உளைவு. குந்தியிருந்து எழும்பினால் ஒரு கை கதவு நிலையில், மற்றக் கை தொடையில். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மீனெண்ணெய்க் குளிசைப் போத்தல் மேசையில் இருக்கிறது. வாசலில் மீன்காரரின் பெட்டியில் கீரி மீன். "புள்ள, இதில எது காலுக்கு நல்லம்?" என்று கேட்டார். எந்த வாதம் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்லலாம்.

காலையில் ஒரு மணி நேரமாகியும் விரல்கள் மடங்காமல், இரண்டு கை மூட்டுகளும் வீங்கினால் அது பெரும்பாலும் முடக்கு வாதம். மீனிலும் மீனெண்ணெயிலும் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு இந்த வலியை ஓரளவு குறைக்கும். ஆனால் ஆய்வுகளில் நாளுக்கு ஏறக்குறைய 3 கிராம் கொடுத்தார்கள். சாதாரண 1000 மில்லிகிராம் குளிசையில் இருக்கும் ஒமேகா 3 சுமார் 300 மில்லிகிராம்தான். அந்தக் கணக்கில் நாளுக்குப் பத்துக் குளிசை வேண்டும்! கீரி, சாளை போன்ற எண்ணெய் மீன் 100 கிராமில் ஏறக்குறைய ஒரு கிராம் கிடைக்கும், புரதமும் சேர்ந்து வரும். மீனும் தனியே 3 கிராமை எட்டாது, ஆனாலும் என் தெரிவு மீன்தான். அதையும் ஆணமாக வையுங்கள். மீனிலிருந்து இறங்கும் எண்ணெய் ஆணத்தோடு சோற்றில் சேர்ந்துவிடும். பொரித்தால் அது தாச்சியில் நின்றுவிடும்.

மீனை நம்பி கிளினிக் மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அரித்த மூட்டு திரும்பி வளராது. முடக்கொத்தான் ரசத்துக்கும் இதையேதான் சொல்வேன்.

நடுச்சாமத்தில் கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறதா? அது யூரிக் அமிலம் மூட்டில் சேர்ந்து வரும் வாதமாக இருக்கலாம். அவர்களுக்குத் தீர்ப்பு தலைகீழ். கீரி, சாளை, நெத்தலி, ஈரல் எல்லாவற்றிலும், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம். சுத்திகரித்த குளிசையில் அது இல்லையென்றே சொல்லலாம். பியரும் சீனிச் சோடாவும் கூடாது. தயிரை வாதம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

சரி, பெரியம்மாவுக்கு? அவருடையது மூட்டுத் தேய்வு. அங்கே மீனும் குளிசையும் பெரிதாக ஒன்றும் செய்யாது, எடை குறைவதுதான் வேலை செய்யும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது. அமெரிக்காவில் உடல் பருத்த, முழங்கால் தேய்ந்த 454 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது, வலி கிட்டத்தட்டப் பாதியானது. இப்படி எந்தக் குளிசைப் போத்தலும் செய்து நான் பார்க்கவில்லை.

அன்று பெரியம்மா அரைக் கிலோ கீரி வாங்கினார். மீனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் அகப்பை சோற்றைக் குறைத்து, அந்த இடத்துக்கு முருங்கை இலைச் சுண்டலை வைத்தோம். கஷ்டப்பட்டது தேத்தண்ணிச் சீனியில்தான், நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவர். இப்போது இரண்டு கோப்பை, சீனி இல்லாமல். பின்னேரங்களில் பழைய கல்லடிப் பாலத்தில் மெல்ல நடக்கிறார், நடுவில் ஓரிடத்தில் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு.