மைன்ஸ்வீப்பர்: எக்ஸ்பி காலத்துப் பழசா, ஆர்பிட்டரா?

மைன்ஸ்வீப்பர் என்பது பலகையில் கண்ணிவெடி மறைந்திருக்கும் கட்டங்களை மிதிக்காமல் மற்ற கட்டங்களையெல்லாம் திறக்கும் கணினி விளையாட்டு; திறந்த கட்டத்தில் வரும் எண், அதைச் சுற்றி எத்தனை வெடி என்று சொல்லும். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த மைன்ஸ்வீப்பர் இன்றும் ஓடும். வின்மைன் என்ற அந்த ஒற்றைக் கோப்பை விண்டோஸ் 10-ல் போட்டுத் திறந்தால் போதும், இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லை. விண்டோஸ் 3.1 காலத்துக் கோப்பு மட்டும் 16 பிட் என்பதால் 64 பிட் கணினியில் திறக்காது. ரொம்ப காலம் எக்ஸ்பி பதிப்பில்தான் ஆடினேன். இப்போது ஆர்பிட்டர் என்ற இலவசப் பதிப்புக்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

எக்ஸ்பி பதிப்பின் சின்னக் குறைகள் ஆடிய எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கட்டமும் 16 பிக்சல்தான். இன்றைய திரையில் ஒன்று எறும்பு அளவுக்குத் தெரியும், இல்லை பெரிதாக்கினால் மங்கும். வெடி இருக்கும் என்று கொடி வைத்த இடத்தில் மறுபடி வலது கிளிக் செய்தால் கேள்விக்குறி வரும். மெனுவில் போய் அணைக்க வேண்டும். கொடிகள் கூடிப்போனால் மீதி வெடிகளின் எண்ணிக்கை மைனஸில் இறங்கும். இவற்றோடெல்லாம் வாழ்ந்துவிடலாம்.

வாழ முடியாதது கடிகாரம். முதல் கட்டத்தைத் திறந்த கணமே அது 1 என்று காட்டும். அப்புறம் முழு முழு நொடியாகத்தான் நகரும். அதனால் 59.05 நொடியில் முடித்தாலும் 60, 59.95 நொடியில் முடித்தாலும் 60. கிட்டத்தட்ட ஒரு முழு நொடி வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. 30-க்கு 16 கட்டம், 99 கண்ணிவெடி உள்ள எக்ஸ்பர்ட் என்ற கடின நிலையில் இது பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனால் தொடக்கநிலை ஆட்டத்தைக் கைதேர்ந்தவர்கள் சில நொடிகளில் முடித்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நொடி என்பது ஆட்டத்தில் பெரும்பங்கு.

இன்னொன்று, அந்தக் கடிகாரத்தை நிறுத்தவும் முடியும். ஆட்டத்தின் நடுவே விண்டோஸ் பட்டனோடு டி-யை அழுத்தி எல்லாவற்றையும் சுருக்கிவிட்டு, மறுபடி ஜன்னலைக் கொண்டுவந்தால் நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆட்டம் மட்டும் தொடரும். எக்ஸ்‌ஒய்‌இசட்‌இசட்‌ஒய் என்று தட்டி ஷிப்ட் அழுத்தினால், திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஒரே ஒரு புள்ளி வெள்ளை, கருப்பு என்று மாறி எங்கே வெடி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். சிறந்த நேரங்களின் பட்டியலோ, விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சாதாரண எண்ணாகக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆக, உண்மையாக உழைத்து எடுத்த நேரத்தைக்கூட இன்னொருவரிடம் காட்டி நம்ப வைக்க வழியில்லை. வேகத்துக்காக ஆடுகிற விளையாட்டில் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஆர்பிட்டர் சரியாக இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. நேரத்தை நொடியின் பின்னத்தோடு காட்டும். ஆட்டத்தை ஏவிஎஃப் கோப்பாகச் சேமிக்கும். மவுஸ் எங்கே போனது, எங்கே தயங்கியது என்று பின்னால் போட்டுப் பார்க்கலாம். வேக ஆட்டக்காரர்களின் சர்வதேசத் தரவரிசையில் இத்தகைய பதிவுகளைத்தான் ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது 3பிவி என்ற எண். ஒரு ஆட்டத்தைக் கொடி வைக்காமல் முடிக்கக் குறைந்தது எத்தனை இடது கிளிக் தேவை என்பதுதான் அது. அதே 99 வெடிதான், ஆனால் ஒரு பலகையில் பெரிய வெற்றிடங்கள் திறந்து வேலை சுலபமாகும், இன்னொன்றில் ஒவ்வொரு கட்டமாகத் தோண்ட வேண்டும். நேரத்தை மட்டும் பார்த்தால் முதலாவதில் நன்றாக ஆடியதாகத் தோன்றும். நொடிக்கு எத்தனை 3பிவி முடித்தோம் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். என் சிறந்த நேரங்கள் சிலவற்றில் பாதிப் பெருமை பலகையைச் சேர்ந்தது என்பது இப்படித்தான் விளங்கியது. கட்டத்தின் அளவையும் திரைக்குத் தக்கபடி பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஆர்பிட்டரில் அழகு குறைவு. எண்கள் நிறைந்த அதன் பட்டியல் புதிதாக ஆடுபவரை மிரட்டும். காபி ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் போதும் என்பவருக்கு எக்ஸ்பி பதிப்பே சுகம்: திறந்த உடனே பலகை, எஃப்2 தட்டினால் புது ஆட்டம்.

மற்ற இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விஸ்டா, விண்டோஸ் 7 பதிப்பில் வெற்றி விகிதம், தொடர் வெற்றி எல்லாம் கணக்கு வைக்கும், ஜன்னலைப் பெரிதாக்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். நான் அதில் கொஞ்சம்தான் ஆடியிருக்கிறேன், அதனால் வேகத்துக்கு எப்படி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது கணினியோடு கூடவே வருவது நின்றுபோய், மைன்ஸ்வீப்பர் ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலியானது. தினசரி சவால்கள் உண்டு, விளம்பரமும் உண்டு; விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா. எனக்கு ஒத்துவரவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மடிக்கணினியின் டச்பேடில் ஆடாதீர்கள். எண்ணைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒரே அடியில் திறக்க இடது, வலது பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பட்டன் பிரிவே இல்லாத டச்பேடில் அது நடக்காது. வேறு வழியே இல்லை என்றால், எக்ஸ்பி பதிப்பில் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இடது கிளிக் செய்தால் அதே வேலை நடக்கும்.