தென்னை நார்ப்பாய்: 700 கிராம் வாங்கலாம், கூட வரும் ஆணி வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தோட்டச் சாலையோரக் கால்வாயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில்தான் தண்ணீர் ஓடும். அத்தனையும் மேட்டு மண். அதைத் தடுக்க டவுன் ஹார்ட்வேர் கடைகளில் விற்கும் நார்ப்பாய் இரண்டு கனத்தில் கிடைக்கிறது: சதுர மீட்டருக்கு 400 கிராம், 700 கிராம். 400 கிராம் பாயின் கண்ணிக்குள் கட்டைவிரல் நுழைந்துவிடும். மழைத்துளி அடித்து மண் தெறிப்பதில்தானே அரிப்பே தொடங்குகிறது? அந்த அடியை வாங்க 700தான் சரி. சமதரையென்றால் 400 போதும்.

பாயைவிட விரிக்கும் விதம் முக்கியம். சரிவின் உச்சியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பாயின் தலைப்பை உள்ளே விட்டு ஆணியடித்து, மண்ணை மூடி மிதிக்க வேண்டும். பிறகு கீழ்நோக்கி உருட்டுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள். அடுத்த சுருள் சேரும் இடத்தில், அத்தாப்பு (ஓலைக் கூரை) வேய்வது போல, மேல் பாய் கீழ்ப் பாயின் மேல் 15 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். பள்ளத்தின் மேல் பாய் கூடாரம் மாதிரி நின்றால் தண்ணீர் அடியில் புகுந்து மண்ணை அறுக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, மிதித்தால் கால் இறங்கும்.

கூடவே தரும் 15 சென்டிமீட்டர் கம்பி ஆணி வீண். கெட்டி மண்ணில் வளைகிறது, கொட்டிய மண்ணில் பிடுங்கிக்கொள்கிறது. 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை ‘ப’ வடிவில் 30 சென்டிமீட்டர் கால் வருமாறு வளைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு மூன்று, பள்ளத்தில் கூடுதல்.

நார் இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடிக்க வேண்டும். வெட்டிவேர் நல்லது (உலகமே நம் தமிழ்ப் பெயரைச் சொல்லித்தான் அதை அழைக்கிறது). மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகத்தில் ஆய்வாளர் பி.கே. யூன் 1990களின் தொடக்கத்திலேயே நட்டுச் சோதித்த புல் இது. பாயைக் கத்தியால் கீறி, சரிவுக்குக் குறுக்கே 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். நிழலில் மட்டும் தேறாது. வளர்ந்த செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) அடியில் மட்டையைக் குறுக்கே அடுக்குவதே மேல், காசும் மிச்சம்.

மேட்டின் உச்சியில் வெடிப்பு தெரிந்தால் அது மண்சரிவின் அறிகுறி. அங்கே எந்தப் பாயும் உதவாது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது சுருளின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். ஈரமும் பூஞ்சை வாடையும் இருந்து, ஒரு கயிறு விரலால் இழுத்ததும் அறுந்தால் வேறு சுருள் கேளுங்கள்.