எக்ஸ்5, க்யூ7, ஜிஎல்இ, எக்ஸ்சி90: பழையதாக வாங்கும்போது பழுதுச் செலவை முன்வைத்து ஓர் அலசல்

மூன்றாம் தலைமுறை பிஎம்டபிள்யூ எக்ஸ்5 2014-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை 70.9 லட்ச ரூபாய். 2015 மே மாதம் அறிமுகமான வால்வோ எக்ஸ்சி90 64.9 லட்சத்தில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்இ 58.9 லட்சத்திலும், டிசம்பரில் இரண்டாம் தலைமுறை ஆடி க்யூ7 72 லட்சத்திலும் தொடங்கின. இன்று இந்த நான்கின் தொடக்ககால வண்டிகளும், ஷோரூமில் புதிதாக நிற்கும் ஒரு நடுத்தர எஸ்யூவியின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கைமாறுகின்றன. கடந்த சில ஆண்டுகளில் உறவினர், நண்பர் என்று ஆறேழு பேருக்கு இத்தகைய வண்டிகளைப் பார்த்துச் சொல்லப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேச்சு வாங்கும் விலையைச் சுற்றியே நின்றதும், பழுதுக்காக ஒரு ரூபாய் கூட ஒதுக்கப்படாமல் இருந்ததும் எனக்கு உண்மையான கவலையைத் தந்தன. வண்டியின் விலை கால்பங்காகக் குறைந்தாலும் அதன் உதிரிபாகங்களின் விலை அப்படிக் குறைவதில்லை. எழுபது லட்ச ரூபாய் வண்டிக்கு உரிய பாகத்தைத்தான், பதினைந்து இருபது லட்சத்துக்கு வாங்கியவரும் வாங்கியாக வேண்டும்.

ஆகவே இந்த நான்கையும் குதிரைத்திறன், சொகுசு ஆகியவற்றை வைத்து ஒப்பிடாமல், எந்தப் பாகம் பழுதாகும், அந்த இடத்தைத் தொட எவ்வளவு கழற்ற வேண்டும், அந்தச் செலவு முன்கூட்டியே தெரியுமா அல்லது ஒரு காலையில் திடீரென்று வருமா என்ற கேள்விகளை வைத்து ஒப்பிடுவதே பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

முதலில் க்யூ7. நான்கில் மிக அமைதியாகவும் மென்மையாகவும் ஓடுவது இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. 249 குதிரைத்திறனும் 600 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்ட 3.0 லிட்டர் வி6 டீசல் இன்ஜின், இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேக கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களிலும் ஏர் சஸ்பென்ஷன் என்று அதன் அமைப்பு சிறப்பானது. சிக்கலும் அந்த ஏர் சஸ்பென்ஷனில்தான் இருக்கிறது. காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் பைகள் வெயிலிலும் புழுதியிலும் வெடிப்பு விட்டு மெல்லக் கசியத் தொடங்குகின்றன. கசியும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடித் தேய்ந்துபோகிறது. ஒரு பையைக் காலத்தில் மாற்றாமல் விட்டவர் பிறகு பையையும் கம்ப்ரஸரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. நிறுவன சர்வீஸ் மையத்தில் ஒரு சக்கரத்துக்கான ஸ்ட்ரட், அதாவது காற்றுப் பையும் அதிர்வுத்தாங்கியும் சேர்ந்த தூண், மட்டுமே லட்ச ரூபாயைத் தாண்டக்கூடும். இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முந்தைய இரவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பாக ஒவ்வொரு சக்கர வளைவின் உயரத்தையும் அளவு நாடாவால் அளந்தால் போதும். ஒரு மூலை இறங்கியிருந்தால், வண்டி ஓடத் தொடங்கிய பின் அது எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும் அந்த மூலைக்கான செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

க்யூ7 பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில், விபத்தில் சிக்கிய வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்களை வாங்கிச் செலவைக் குறைக்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். கதவு, கண்ணாடி, சஸ்பென்ஷன் கை போன்றவற்றுக்கு இது சரியாக வரும். ஆனால் ஆடியின் பல மின்னணுப் பாகங்கள் அவை முதலில் பொருத்தப்பட்ட வண்டியோடு பூட்டப்பட்டவை. வேறொரு வண்டியில் மாட்டினால் நிறுவனத்தின் சர்வரோடு இணைத்துப் பூட்டை நீக்கும் வரை அவை முழுமையாக இயங்குவதில்லை. பாதி விலைக்குக் கிடைத்த திரையோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ அந்த அனுமதி இல்லாமல் பயன்படாது.

எக்ஸ்5-இன் டீசல் வகையான 30டி இதே இசட்எஃப் எட்டு வேக கியர்பாக்ஸ் குடும்பத்தைப் பயன்படுத்துகிறது என்றாலும் இரண்டு இடங்களில் வேறுபடுகிறது. இன்ஜின், ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் 258 குதிரைத்திறன் டீசல். வி6 இன்ஜினைவிட இதில் கை நுழைய இடம் அதிகம் என்று மெக்கானிக்குகள் சொல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாக, இந்தத் தலைமுறையில் முன் சக்கரங்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் கிடையாது; காற்றுப் பைகள் இருந்தாலும் அவை பின்னால் மட்டுமே. நான்கு மூலைகளில் வரக்கூடிய செலவு இரண்டாகக் குறைகிறது என்பது பத்து வயது வண்டியில் சிறிய விஷயமன்று.

ஆனால் எக்ஸ்5-க்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் அதன் டைமிங் செயின், இன்ஜினின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருக்கிறது; க்யூ7-இன் வி6 இன்ஜினிலும் அப்படித்தான். செயினின் விலையைவிட, அதைத் தொடுவதற்காக கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கும் கூலிதான் இங்கே பெரிது. அதனால் காலையில் முழுக்க ஆறிய நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்பகுதியிலிருந்து சங்கிலி உரசும் ஒலி வருகிறதா என்று கேட்காமல் இவ்விரண்டில் எதையும் வாங்கக் கூடாது. நாம் போவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே நல்லது.

அடுத்தது, இன்ஜினுக்குள் திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விக்கும் புகை மறுசுழற்சிக் குளிர்விப்பான், அதாவது ஒர்க்‌ஷாப்பில் இஜிஆர் கூலர் என்று சொல்லப்படும் பாகம். 2018-இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, இந்தக் கூலரிலிருந்து கசியும் கூலன்ட் திரவம் கரிப்படிவோடு சேர்ந்து கனல்வதே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் திரும்ப அழைப்பு உலக அளவில் சுமார் 16 லட்சம் வண்டிகளுக்கு விரிந்தது. வாங்கப் போகும் வண்டி அந்தப் பட்டியலில் உள்ளதா, கூலர் மாற்றப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமலே கூலன்ட் அளவு குறைந்துகொண்டிருந்தால் அதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எக்ஸ்5, சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்ட வண்டி என்பதால் பாகங்கள் இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தரகர்கள் சொல்வதுண்டு. ஆனால் பெரும் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே ஒன்றுசேர்க்கப்படுகின்றன. அதனால் ஷோரூம் விலையில் வரி குறைந்ததே தவிர, பிற்காலத்தில் தனியாக வாங்கும் பாகம் மலிவாகிவிடவில்லை. உண்மையில் செலவைக் குறைப்பது வேறொரு வழி: நிறுவனத்தின் பெட்டியில் வரும் பல பாகங்களைச் செய்து தருவோர் லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாலே, பாஷ் போன்ற நிறுவனங்களே. அவர்களுடைய சொந்தப் பெட்டியில் அதே தரப் பாகத்தை வாங்கி, உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் தனியார் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டால் கணிசமாக மிச்சமாகும். ஜெர்மன் வண்டிகள் எண்ணிக்கையில் அதிகம் ஓடுவதால், சென்னையிலும் கோவையிலும் அவற்றை மட்டுமே பார்க்கும் கைகள் உருவாகிவிட்டன. இது எக்ஸ்5-க்குப் பெரிய பலம்.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் சொன்னாலும், இந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், மாற்றும்படி பரிந்துரைக்கிறது. பத்து வயது வண்டியில் இதற்கான பில் இல்லையென்றால், வாங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இதுதான். நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வேறுபட்ட தேய்மானம், இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் எக்ஸ்5-இன் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுக்கும்.

ஜிஎல்இ-யை வாங்குவோர் 250டி, 350டி என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விலை வேறுபாடாக மட்டுமே பார்க்கிறார்கள். 350டி-யில் இருப்பது ஓஎம்642 என்ற வி6 டீசல். பல ஆண்டுகள் பல மாடல்களில் ஓடிய உறுதியான இன்ஜின்தான் என்றாலும், அதன் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, பள்ளத்தின் அடியில் அமைந்திருக்கிறது. அதன் கீழே உள்ள ரப்பர் சீல்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. ஆனால் அவை கசியத் தொடங்கினால், அவற்றை மாற்ற டர்போவையும் காற்று உள்வழிக் குழாய்களையும் கழற்றி எடுக்க வேண்டும். பாகத்துக்கு ஆகும் செலவைவிடப் பன்மடங்கு கூலிக்குப் போகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தால், பின் சீல் கசிவு என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். மேலிருந்து வழிந்து வருகிறதா என்று விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 250டி-யின் நான்கு சிலிண்டர் இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் டைமிங் செயினும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை 204 குதிரைத்திறனில் இழுப்பது நெடுஞ்சாலையில் சற்றுச் சோம்பலாகத் தெரியும். எனினும் குடும்பப் பயன்பாட்டுக்கு 350டி-யைவிட அதையே நான் தேர்வேன்.

எக்ஸ்சி90 இந்த வரிசையில் தனியாக நிற்கிறது. இவ்வளவு பெரிய வண்டிக்கு 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், 225 குதிரைத்திறன் டீசல் என்பது முதலில் தயக்கத்தைத் தரும். ஆனால் பழுது நோக்கில் பார்த்தால் இதில் ஒரு தெளிவு இருக்கிறது. இதில் டைமிங் செயினின் வேலையைச் செய்வது ரப்பராலான டைமிங் பெல்ட். அது பக்கவாட்டில், இன்ஜினை இறக்காமலே எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. இன்று பத்து ஆண்டைத் தொடும் வண்டிகளில் அது மாற்றப்பட வேண்டிய பாகம். பில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் அறுந்தால் இன்ஜினே போய்விடும். என்ன செலவாகும் என்று வாங்கும் அன்றே தெரிந்துவிடுகிறது என்பதுதான் இதன் சிறப்பு. ஏர் சஸ்பென்ஷன் இல்லாத எக்ஸ்சி90 கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் பின்பக்கத்தில் குறுக்காக அமைந்த கூட்டுப்பொருள் பட்டை வில் ஒன்று இருக்கிறது, அதில் காற்றும் கம்ப்ரஸரும் இல்லை. இதே இன்ஜின் குடும்பத்தில் பிளாஸ்டிக்கால் ஆன காற்று உள்வழி உருகி வளையக்கூடும் என்பதற்காக, 2019 ஜூலையில் உலக அளவில் சுமார் 5 லட்சம் வால்வோ டீசல்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதையும் சேசிஸ் எண் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். குறை எங்கே என்றால், வால்வோ சர்வீஸ் மையங்கள் சில பெருநகரங்களில் மட்டுமே இருக்கின்றன; திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ இருப்பவருக்கு ஒரு சென்சார் பழுதானாலும் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பும் நிலை வரலாம்.

இந்த நான்கிலும் மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் கூட ஓடாத நகரப் பயன்பாடு டீசல் புகை வடிகட்டியை அடைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படி ஓட்டுபவர் வாங்க வேண்டியது பெட்ரோல் வண்டி.

வண்டி எந்த மாடல் என்பதைவிட அது எங்கிருந்து வருகிறது என்பது சில நேரங்களில் முக்கியமாகிவிடுகிறது. டெல்லியையும் சுற்றுப் பகுதிகளையும் சேர்ந்த தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து இத்தகைய வண்டிகள் தெற்கே வருவது பெருகியது. விலை கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் தடையில்லாச் சான்று, பன்னிரண்டு மாதங்களுக்குள் இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் நினைவுக்கு வர வேண்டும். இந்த வகை வண்டிகளில் பேட்டரியும் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கைக்கு அடியிலோ பின் பெட்டியின் தரைக்கு அடியிலோ இருப்பதால், உள்ளே ஒரு சாண் தண்ணீர் நின்றிருந்தாலே போதும், மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பழுது கிளம்பும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் பழைய கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு கண் வேண்டும். தேய்மானம் கழிக்காத பாலிசி பத்து வயது வண்டிக்குக் கிடைப்பது அரிது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும். இன்றைய பம்பரும் முகப்பு விளக்கின் மூடியும் பிளாஸ்டிக்தான்.

என் தேர்வைக் கேட்டால், பெருநகரத்தில் இருந்துகொண்டு வால்வோ சர்வீஸ் மையம் அருகில் உள்ளவருக்கு, பெல்ட் மாற்றிய, ஏர் சஸ்பென்ஷன் இல்லாத எக்ஸ்சி90-ஐ முதலில் சொல்வேன். அடிக்கடி நெடுந்தூரம் போகிறவருக்கும் சிறு நகரத்தில் இருப்பவருக்கும், கூலரும் கியர்பாக்ஸ் எண்ணெயும் மாற்றியதற்கான பில்கள் உள்ள எக்ஸ்5 30டி. ஜிஎல்இ 250டி மூன்றாவது. க்யூ7-ஐ, நான்கு மூலைகளுக்கும் ஆகும் தொகையைத் தனியே எடுத்து வைக்கக்கூடியவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் முதல் ஆண்டுக்கென்று மூன்று முதல் நான்கு லட்ச ரூபாய் வங்கியில் தனியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அது இல்லாதவருக்கு 2016 நவம்பரில் 25.92 லட்சத்தில் தொடங்கிய டொயோட்டா ஃபார்ச்சூனர் இருக்கிறது. பழையதாகவும் அதன் விலை அவ்வளவாக இறங்குவதில்லை, சொகுசிலும் இந்த நான்கின் அருகே வராது, ஆனால் எந்த மாவட்டத் தலைநகரிலும் அதைத் திறந்து பார்க்க ஒரு மெக்கானிக் கிடைப்பார்.